நாரத்தை இலை மோர்

சுசீந்திரத்தில் பஸ் நிற்கிறது. இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எனக்கும் தாகம். சாலையோரத் தண்ணீர்ப்பந்தலில் மோர் கொடுக்கிறார்கள். இங்கே அதற்குச் சம்பாரம் என்று பெயர். இஞ்சியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டு, நாரத்தை இலையைக் கிள்ளிப் போட்டு, மண்பானையில் காலையிலிருந்தே ஊறவிட்டிருக்கிறார்கள். முதல் மடக்கிலேயே வாசனை உச்சிக்கு ஏறுகிறது. எங்கள் மதுரையில் இப்படியொரு மோரை நான் குடித்ததில்லை.

"இலைதான் வே விசேஷம்," என்கிறார் பந்தல்காரர். "அன்னா நிக்காளே, அவ வீட்டு மரத்து இலை."

எதிரே புளியமரத்தடியில் ஒரு பெண், இலைக்கூடையைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்கிறாள். பந்தல்காரர் போய்க் கூடையை எடுத்து வருகிறார்.

"அவளுக்கும் ஒரு செம்பு கொடுக்கலாமே?"

"அவ சாதிக்காரங்க பந்தலுக்கு வரப்படாது."

"இலை மட்டும் வரலாமோ?"

"இலைக்கு ஏது வே தீட்டு?" என்று சிரிக்கிறார். என் கோபம் அவருக்குப் புரியவே இல்லை.

செம்போடு அவளருகே போகிறேன். "இந்த மோரை நீ குடிச்சிருக்கியாம்மா?"

அவள் பின்னால் நகர்கிறாள். "வாசம் தெரியும் ஏமானே. ருசி தெரியாது."

செம்பில் பாதி மோர் இருக்கிறது. அண்ணாந்துதான் குடித்தேன், எச்சில் இல்லை. நீட்டிவிடலாம். பந்தலில் இருப்பவர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நீட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். யோசிக்கத் தொடங்கியதுதான் தப்பு.

பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். எனக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.