தேத்தண்ணிக் கடை வாங்கு

கொழும்பில் திறக்கவிருந்த ஓர் உணவகத்தின் சுவருக்கு, நாலு பேர் அமரக்கூடிய பழைய மரவாங்கு ஒன்றை வரைந்து தரச் சொல்லியிருந்தார்கள். சுவரளவுக்குப் பெருப்பித்தாலும் கோடு உடையக்கூடாது. அதனால் கணினியில் புள்ளிகள் வைத்து வளைவுகளால் இணைக்கும் வெக்டர் படம்தான் வேண்டும். பார்த்தால் நிஜ வாங்கு போலவும் இருக்கவேண்டும். இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்து வரைந்து அனுப்பினேன். "பிளாஸ்டிக் மாதிரி இருக்கு" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இன்னொருமுறை பிழைத்தால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர்த் துறைமுகப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில், உப்புக்காற்று தின்று நரைத்த வாங்கு ஒன்று கிடப்பது நினைவுக்கு வந்தது. காலையிலேயே போய், குனிந்தும் சுற்றிவந்தும் கைபேசியில் படமெடுத்தேன். யாரோ சிங்களத்தில் அதட்டினார். எதிர்ப்புறக் கடற்படை முகாம் வாயிலில் காவல் நிற்கும் சீருடைக்காரர். வாங்கின் பின்பக்கத்தை எடுத்தபோது படமெடுக்கக்கூடாத அந்த வாயிலும் அதில் விழுந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமும் அந்த நேரம் வாயில் வரவில்லை. அடையாள அட்டையை நீட்டினேன். எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்கார முஸ்லிம் பெரியவர் துவாயில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"என்ன தங்கச்சி, வாங்கையா படமெடுத்தீங்க?"

"ஓம் நானா, வரையிறதுக்கு. வேற ஒண்டுமில்லை."

அவர் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். சீருடைக்காரர் வாங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, படங்கள் எல்லாவற்றையும் தன் கண்முன்னே அழிக்கவைத்தார்.

அவர் போனபிறகு கேட்டேன்: "இனி எடுக்க ஏலாதா, நானா?"

"இங்க நிண்டு எடுக்க வேணாம். வாங்கையே கொண்டு போங்க. பின்னேரம் தந்தாச் சரி."

பகிடி என்று நினைத்தேன். அவர் அதற்குள் ஓர் ஓட்டோவை மறித்துவிட்டார்.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீடு வரும்வரை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாங்கின் காலை இறுக்கிப் பிடித்திருந்தேன். "இதென்ன, ஆருடைய வாங்கு?" என்றார் கணவர். நடந்ததைச் சொன்னதும் அவருடைய முகமும் மாறிப்போனது. "இலக்கத்தை எழுதினவங்களோ?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

முற்றத்து வெயிலில் வாங்கை வைத்துப் படமெடுத்து, யன்னல் வழியே அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். முன்பு ஒரு மர ரேகையை வரைந்து, அதையே பிரதியெடுத்து அடுக்கியிருந்தேன். இம்முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே வளைத்தேன். ஆணியைச் சுற்றித் துருக் கசிவு, ஆட்கள் இருந்து தேய்ந்த இடத்தில் மட்டும் ஒரு மினுக்கம், ஓரத்தில் கோப்பை வைத்த வட்டங்கள். கரண்ட் போய்விடுமோ என்று ஒவ்வொரு கோட்டுக்கும் சேமித்துக்கொண்டேன்.

பின்னேரம் வாங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாயில் பக்கம் நான் பார்க்கவேயில்லை.

"படம் சரிவந்ததா?" என்றார் நானா.

"தெரியாது நானா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

முடிக்க மேலும் சில நாட்கள் எடுத்தன. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே, அட்டை இலக்கத்தை வைத்துத் தேடி வந்துவிட்டார்களோ என்று வரைவதை விட்டு எழுந்தேன். விசாரிக்க யாரும் வரவில்லை. படம் பிடித்திருக்கிறது என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. அதை இரண்டாம்முறை வாசித்துக்கொண்டிருக்கும்போது படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். மீன்காரர். பாரை கொண்டுவந்திருந்தார்.