பதினோராம் ஆண்டில் சித்தி சிரித்த சிரிப்பு

தையல் வேலை பார்த்த என் சித்தி, அம்மாவின் தங்கை, பத்து ஆண்டுகள் சிரிக்கவே இல்லை. சிரித்தாலோ தும்மினாலோ சிறுநீர் கசிந்துவிடும். மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஊசி எளிது, ஆனால் பலன் சில ஆண்டுகளில் குறையலாம். சிறுநீர்க்குழாயைத் தாங்கும் நாடா நெடுநாள் நிற்கும்; ஆனால் உடலுக்குள்ளேயே தங்கிவிடும்.

"நாடாவே வைங்க டாக்டர். நாடா வெச்சுத் தைக்கிறது எனக்கென்ன புதுசா?" என்றார் சித்தி.

நாடா வைத்து இரண்டு மாதம் கழித்து, நான் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்ததைக் கண்டு சித்தி வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த அப்பா, முகம் வெளிறி, வாசற்படியில் நின்றார்.

"உங்கம்மா சிரிச்சாளே, எங்கடா அவ?"

அம்மா இறந்து ஒன்பது ஆண்டுகள். சித்தி நாற்காலியைத் தடவிப் பார்த்தார், ஈரமில்லை. மகிழ்ந்து மறுபடியும் சிரித்தார், அம்மாவின் அதே சிரிப்பை. அப்பா உள்ளே வரவில்லை.