தாரும் கரிசலும் மாறி மாறி: ஃபோர் வீல் பிக்கப்பில் ஒரு காலண்டர் லோடு

ஆமத்தூருக்குக் கிழக்கே போகும் கிராமச் சாலையில் ஓடைப் பாலம் வரை தார் போட்டு முடித்துவிட்டார்கள். அதற்கு அப்பால் ஐந்து கிலோமீட்டர் இன்னும் தாரும் மண்ணுமாகத்தான் கிடக்கிறது. அங்கே வேலை பார்க்கும் மேஸ்திரி நேற்று மாலை போனில் சொன்ன தகவல் இது. போன வாரம் அந்த வழியில் ஒரு பிக்கப் வண்டியில் போய் வந்தேன். மார்கழி முடிவதற்குள் அந்தப் பக்கம் வண்டி எடுக்க நினைப்பவர்களுக்கு இது உதவும்.

வண்டி காளிராஜுடையது. முப்பத்தைந்து வயது, சிவகாசியில் வாடகைக்கு ஓட்டுகிறார், எனக்குப் பல வருடப் பழக்கம். ஐப்பசியில், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்றை வாங்கினார். சாதாரண பிக்கப்பைவிட அது டீசல் கூடுதலாகக் குடிக்கும். மழைக்கால லோடு நிலையாகக் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். அந்த லோடைத் தரக்கூடியவர் அச்சகம் நடத்தும் ஜெயக்கொடி அக்கா. மார்கழி முழுக்க அவருக்குக் காலண்டர் டெலிவரி இருக்கும். சென்ற ஆண்டு ஒரு வண்டிக்காரர் சேற்றுக்குப் பயந்து கட்டுகளை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மழை பெய்து தாள் எல்லாம் ஊதிப்போனது. இந்த வருடம் கடை வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிக்குத்தான் வேலை என்று அக்கா சொல்லிவிட்டார். காளிராஜுக்கு ஒரு நடை கொடுத்துப் பார்ப்பது, கூடவே தானும் போவது என்று ஏற்பாடு. பின்சீட்டில் எனக்கும் இடம் கிடைத்தது.

விருதுநகரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் சிவகாசிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் போய்ச் சேர்ந்தபோது லோடு ஏறிக்கொண்டிருந்தது. முன்பக்கம் உரக்கடை ஒன்றுக்கான காலண்டர் கட்டுகள், பின்பக்கம் பட்டாசு ஆலைக்கான அட்டைப் பெட்டிகள். மேலே இரட்டைத் தார்ப்பாய். முந்தின நாள் நல்ல மழை. அன்று காலை வெயில் அடித்தது. நிழலில் மட்டும் குளிர் இருந்தது.

"தார்ப்பாய் ரெண்டும் புதுசாலே?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணு புதுசுக்கா. இன்னொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல்ல கட்டுனது."

"அப்ப புதுச மேல போடு. கல்யாணத்தைத்தான் நல்லாத் தாங்கிருச்சே, மழையையும் தாங்குதான்னு கீழ வச்சுப் பாப்போம்."

முதல் நிறுத்தம் பட்டாசு ஆலை. மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், கிராவல் போட்ட பாதை, சிரமமில்லை. வாசலில் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சைலன்சரில் பொறி தடுக்கும் மூடி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள்.

"இரும்பு ஏதும் கெடக்கா?" என்றார் காவலாளி.

"சீட்டுக்கடியில ஜாக்கி செட்டு மட்டும் அண்ணாச்சி. பின்னாடி ஒரு ஆணிகூடக் கெடையாது."

ஜாக்கிப் பையை அங்கேயே வாங்கி வைத்து, திரும்பும்போது கொடுத்தார்கள். பெட்டிகளை இறக்கிவிட்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்தோம்.

பாலம் தாண்டியதும்தான் ஃபோர் வீலுக்கு வேலை வந்தது. அந்தச் சாலை ஒரு சீராக இல்லை. நூறு மீட்டர் நல்ல தார் இருக்கும், அப்புறம் ஐம்பது மீட்டர் கரிசல் குழம்பு, மறுபடி தார். முதல் சேற்றுக்கு முன்னால் காளிராஜ் வண்டியை மெதுவாக்கி, பெரிய கியருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன கியரைத் தட்டினார். முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தது. வண்டி நேர்கோட்டில் போய் மறுபக்கம் ஏறியது. அக்கா இறுகப் பிடித்திருந்த கைப்பிடியை விட்டார்.

அதே கியரில் தாரிலும் ஓட்டியது தவறு. ஒரு வளைவில் ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. டயர்கள் விட்டுவிட்டுக் கிரீச்சிட்டன.

"என்னலே, வண்டி அழுகுது?"

"தாருல ஃபோர் வீலு போட்டா இப்படித்தான்க்கா. நாலு சக்கரமும் ஒண்ணை ஒண்ணு மல்லுக்கு இழுக்கும்."

"தெரிஞ்சே எதுக்கு இழுக்க விடுதே? புது டயரு நானா வாங்கித் தரப்போறேன்?"

கியரை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. இறுகிக்கொண்டது. வண்டியை நேராக வைத்து இரண்டு மீட்டர் ரிவர்ஸ் எடுத்ததும் தானாகக் கழன்றது. இப்படி மாட்டிக்கொண்டால் லீவரை முரட்டுத்தனமாக ஆட்ட வேண்டாம். நேராக நிறுத்திக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் போதும்.

அதற்குப் பிறகு தார் வந்ததும் இரண்டு சக்கரம், மண் வந்ததும் நான்கு என்று மாற்றி மாற்றி ஓட்டினார். நான்கைந்து இடங்கள் நன்றாகவே போயின. கடைசியாக ஓர் இடம் தார் போலவே தெரிந்தது. டிராக்டர்கள் இழுத்து வந்த கரிசல் மேலாக வழவழவென்று படிந்து காய்ந்திருந்தது. கீழே தார் இல்லை. இரண்டு சக்கரத்திலேயே உள்ளே விட்டார். பின் சக்கரங்கள் அந்த இடத்திலேயே சுற்றின. ஃபோர் வீல் போடுவதற்குள் அச்சு வரை இறங்கிவிட்டது. போட்ட பிறகும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்காக இரண்டு சக்கரங்கள் சும்மா சுற்றினவே தவிர வண்டி நகரவில்லை. டயர்களின் பள்ளங்கள் எல்லாம் மண் அடைத்து உருளைபோல ஆகியிருந்தன.

"மம்பட்டியை எடு," என்றார் அக்கா.

காளிராஜ் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "வீட்டுல இருக்குக்கா."

அவருடைய மனைவி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். இரும்பு உரசினால் பொறி வரும் என்பதால், வண்டி ஆலைக்குப் போகிறது என்றாலே அந்த வீட்டில் இரும்பு எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். மண்வெட்டி, கடப்பாரை, இழுவைச் சங்கிலி எல்லாம் முந்தின நாள் மாலையே வாசலில் இறங்கிவிட்டன. ஆலைக்குப் பிறகு கரிசலுக்குப் போகிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. லோடு ஏற்றும்போது பின்பக்கத்தை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஜாக்கியை வைத்துப் பார்த்தோம். வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி புதைந்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததில் தார்ப்பாய் ஒரு மூலையில் விலகி, காலண்டர் கட்டு ஒன்று வெளியே தெரிந்தது.

"பக்கத்துல டிராக்டரு இருக்கும்க்கா. ஒரு போன் போட்டா..."

"டிராக்டரு வந்துதான் இழுக்கணும்னா, லோடை அவனுக்கே குடுத்திருப்பேனேலே."

அக்கா அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. காளிராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வரப்பில் வந்து நின்று பார்த்தார். "மம்பட்டி இல்லாமலா கரிசலுக்குள்ள வந்தீக?"

"பட்டாசு ஆபீசுக்குப் போயிட்டு வாரோம்மா," என்றார் அக்கா.

"அது சரி," என்றார் அந்தப் பெண். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. "அங்கன பருத்திமாரு குமிச்சுக் கெடக்கு. எங்க காடுதான். வேணுங்கிறதை அள்ளிக்கோங்க."

காளிராஜ் நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு தன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியாலும், நான் என் சோற்று டப்பா மூடியாலும் சக்கரத்துக்கு முன்னால் இருந்த மண்ணை வழித்தோம். கரிசல் மூடியை விடாது, மூடியிலிருந்து விரலால் வழிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. நான்கு சக்கரத்துக்கும் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திக் குச்சிகளை, நெருக்கமாகப் பரப்பி மிதித்தோம். காளிராஜ் சின்ன கியரை 'லோ'வில் போட்டு, இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை அழுத்தாமல் கிளட்சை விட்டார். குச்சிகள் நொறுங்கின. வண்டி ஒரு முழம் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. தாரில் போய்த்தான் நிறுத்தினார். ஆட்டுக்காரப் பெண் அதற்குள் ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

உரக்கடை வாசலில் இறங்கும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. அக்கா மூலையில் இருந்த கட்டைத் தானே தூக்கிப் பிரித்தார். தாள்களை விரித்து மூக்கருகே கொண்டுபோனார், கட்டைவிரலால் ஓட்டினார். காய்ந்த தாளின் சரசரப்பு எனக்கும் கேட்டது. கடைக்காரர் ஒரு காலண்டரை வாங்கிக் கல்லாவுக்கு மேலே உடனே மாட்டினார்.

அங்கிருந்து நான்கு வழிச் சாலைக்கு ஏழு கிலோமீட்டர், முழுக்கத் தார். முதலில் வந்த பஞ்சர் கடையில் காற்று நிரப்பிக்கொண்டு சாத்தூர் போனோம். டீக்கடையில் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அக்கா பேசினார். மார்கழி லோடு முழுவதும் காளிராஜுக்கு. அடுத்த சீசன் லோடு பற்றி இப்போது பேச்சில்லை.

"ஆலை லோடும் கரிசல் லோடும் ஒரே நாள்ல வரும்லே. எல்லா நாளும் என் தூக்கு மூடியை வச்சுத் தோண்ட முடியாது."

"அப்ப என்ன செய்யட்டும்க்கா?"

"இங்கன பட்டறையில சொல்லிப் பித்தளையில ஒரு மம்பட்டி அடிக்கச் சொல்லு. பொறி பறக்காது, ஆலைக்குள்ளேயும் விடுவான், சேத்துலயும் வெட்டும்."

காளிராஜ் சிரித்தார். "பித்தளை மம்பட்டியா? ஊரே வேடிக்கை பாக்கும்க்கா."

"பாக்கட்டும். என் பேப்பரு நனையக் கூடாது."

இந்த வழியில் போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு மேல் போங்கள், பனி ஈரம் காய்ந்து மண் கொஞ்சம் இறுகியிருக்கும். சேற்றில் இறங்கிய பிறகு ஃபோர் வீல் போடாதீர்கள், இறங்கும் முன் போடுங்கள். சந்தேகமான இடத்தில் இறங்கி நடந்து பாருங்கள், செருப்பில் மண் ஒட்டினால் அது தார் அல்ல. தார் தொடர்ந்தால் ஃபோர் வீலை உடனே எடுத்துவிடுங்கள். காற்று இறக்கினால் நிரப்பும் இடம் எங்கே என்று முன்னமே தெரிந்திருக்கட்டும். அறுபத்தைந்து கிலோமீட்டருக்கு எங்களுக்கு எட்டு லிட்டர் டீசல் ஆனது. நாள் முழுவதும் அலைந்தும் அலுப்புத் தெரியவில்லை.

மீதி ஐந்து கிலோமீட்டருக்கு, கோயில் திருவிழாவான பங்குனிப் பொங்கலுக்குள் தார் போட்டுவிடுவோம் என்கிறார் மேஸ்திரி. மழை நீடித்தால் தேதியும் தள்ளிப்போகும். பித்தளை மண்வெட்டிக்குக் காளிராஜ் சாத்தூர்ப் பட்டறையில் சொல்லிவிட்டார். தை முதல் வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது கைக்கு வந்ததும் ஆலை லோடையும் மிச்சமிருக்கும் காலண்டர் லோடையும் ஒன்றாக ஏற்றி அக்கா இன்னொரு நடை வருவார். அடுத்த சீசன் காளிராஜுக்கா இல்லையா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.