தூசிக்குப் பின்னால் ஒரு நெஞ்சு

"கடல் வருதாம்!"

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் ஒழுங்கையில் யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் எங்கள் பகுதி வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்... ஓடும்போது தூக்குவதற்கு. தூக்கினேன். மனைவியையும் மகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். கடலுக்கு எட்டாத மாவடிப்பள்ளியில்தான் பிரேக் பிடித்தேன்.

"என்ட படப் பை, வாப்பா!" வழி நெடுக மகள் அழுதாள்.

"உசிரு பெரிசா, படம் பெரிசா?" என்று அதட்டினேன்.

இறங்கிப் பையைத் திறந்தால்... உறுதி இல்லை. உள்ளே நட்சத்திரப் படங்கள்! நான் தூக்கியது அதே கதவில் தொங்கிய அவளுடைய பையைத்தான்.

யுத்தம் முடிந்துவிட்டது, சரி. அடையாள அட்டை இல்லாமல் ரோட்டில் நிற்க மனம் வருமா? கடல் பயம் போய், செக்பொயின்ட் பயம் வந்தது.

"உறுதிய வீட்ட போட்டுட்டு, வானத்தத் தூக்கிக்கு வந்திருக்காரு உன்ட வாப்பா" என்றாள் மனைவி.

பக்கத்தில் நின்ற மீனவர் சிவலிங்கம் சிரித்தார். அவர் கையில் பூட்டு மட்டும். வீடு பூட்டாமலே கிடக்கிறது! அதற்குள் அவருக்குப் போன் வந்தது.

"கடல் கிடந்த இடத்திலதான் கிடக்காம், காக்கா" என்றார், என்னை அண்ணனாக்கி.

மகள் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு மணிக்கு அட்டாளைச்சேனையில விஞ்ஞானப் போட்டி. மூணு மாசமா இதுக்குத்தானே படிச்ச நான்... போவம் வாப்பா."

போகும் வழியோ கடலோர வீதி. மறுக்க என்னிடம் நூறு காரணம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஏறு மகள். வாப்பாக்கு என்ன பயம்?"

விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

மேடையில் மகள் இரண்டு படங்களைத் தூக்கிக் காட்டினாள். ஒன்றில் வெறும் கரிய தூசி மேகம். மற்றதில் அதே இடம், அகச்சிவப்புக் கதிரில் எடுத்தது — பிறந்துகொண்டிருக்கும் பெரிய பெரிய நட்சத்திரங்கள், தணலாக! நம் கண்ணுக்குரிய வெளிச்சத்தைத் தூசி மறித்துவிடுமாம். அகச்சிவப்பு தப்பி வெளியே வந்துவிடுமாம்.

"விளங்கிற மாதிரி சொல்லுங்க பிள்ள" என்றார் நடுவர்.

"சேர், எங்கட வாப்பாவ முன்னுக்கு நிண்டு பாத்தா விசிலடிப்பாரு. மோட்டார் சைக்கிள்ல பின்னுக்கு இருந்து கட்டிப் பிடிச்சாத்தான் நெஞ்சு படபடக்கிறது விளங்கும். அப்பிடித்தான்!"

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவளுக்கு இரண்டாம் இடம்.

கடலையும் சண்டையையும் கண்ட சனம் நாங்கள். எங்களில் யாருடைய முகத்தில்தான் என்ன தெரிகிறது?

நானும் சத்தமாகச் சிரித்தேன் — கொஞ்சம் தூசி கிளப்பத்தான்.