குறிப்புக் கட்டம்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

நான் மொபைல் செயலிகள் எழுதுகிறவன். என் மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். அவள் போகும் வீடுகளில் பாதியில் சிக்னலே இருக்காது. அதனால் அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த செயலி எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே சேமிக்கும். சர்வர் கிடையாது, நகல் கிடையாது. கொடுக்கும் ஒவ்வொரு மருந்தும் ஒரு தனிப் பதிவாக ஒரே கோப்பில் போய் உட்காரும். புதிதாக எது பதிந்தாலும் திரையில் தானாக வரும்.

அந்த வியாழக்கிழமை அவள் பார்த்துவந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். வலி மருந்து பாட்டிலில் இரண்டு வேளை அளவு குறைந்திருந்தது. வீட்டில் இருந்த மகன், தான் பாட்டிலைத் தொடவே இல்லை என்றார். பழி முழுக்க என் மனைவி மேல். ஒரு வேளைதான் கொடுத்தாள் என்பதற்கு அந்தப் பதிவைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஞாயிறு மாலை 5 மணிக்கு அவள் மருத்துவமனையில் விசாரணை. வேலை போவது நிச்சயம், போலீஸ் வரைக்கும் போகலாம் என்றார்கள்.

அந்தச் சாட்சியை அழித்தது யார்? சாட்சாத் நான்தான்.

சனிக்கிழமை, செயலியில் 'குறிப்பு' என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்து அனுப்பினேன். பதிவின் வடிவம் மாறினால், பழையவற்றைப் புது வடிவத்துக்குக் கொண்டுவர வழி எழுத வேண்டும். சோதனைக் காலத்தில் அதை யார் எழுதுவார்கள்? 'வடிவம் மாறினால் பழையதை அழித்துவிடு' என்று ஒரு வரி போட்டுக்கொள்வோம். சோம்பேறி வரி. அதை எடுக்க மறந்துவிட்டேன். அவள் போன் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. மொத்தமும் காலி. சொந்தக் காசில் சூனியம் வைப்பது என்பார்களே, அதேதான்.

"நீங்க எழுதினதுதானே? திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"பார்க்கிறேன்."

"பார்க்கிறேன்னா? ஜெயிலுக்குப் போகப்போறது நான்ங்க!"

வெளியிலிருந்து எதுவும் வராதபடி போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, தெரிந்த வழியெல்லாம் முயன்றேன். ஒன்றும் தேறவில்லை.

மணி 3.10. பதிவுகள்: 0.

3.17.

டிக்...

ஒரு பதிவு சேர்ந்தால் வரும் சத்தம். எண்ணைப் பார்த்தேன். 1.

"நீ ஏதாவது தொட்டியா?"

"போன் உங்க கையிலதானே இருக்கு!"

திறந்தேன். வியாழன், காலை 11.00. வலி மருந்து, ஒரு வேளை. கடவுளே, கிடைத்துவிட்டது! கத்தியேவிட்டேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன்.

குறிப்பு: 'நர்ஸ் பொண்ணு கொடுத்துட்டுப் போச்சு. வலி விடல.'

"இதை நீயா எழுதின?"

அவள் முகம் வெளுத்தது. "வியாழக்கிழமை அப்படி ஒரு கட்டமே இல்லையேங்க..."

ஆமாம். இல்லை.

3.19. டிக்...

வியாழன், மதியம் 2.40. வலி மருந்து, ஒரு வேளை.

குறிப்பு: 'குட்டான் கொடுத்தான். நான்தான் கேட்டேன். அவனைத் திட்டாதீங்க.'

"குட்டான் யாரு?"

"தெரியாதுங்க..."

போனை மேஜையில் வைத்துவிட்டேன். யாரும் தொடவில்லை.

3.21.

டிக்...

நேரம் இல்லை. மருந்து இல்லை.

குறிப்பு மட்டும்.

'இப்ப வலி இல்ல.'

அதற்குமேல் எதுவும் வரவில்லை. விசாரணைக்குக் கிளம்பும்வரை இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

விசாரணையில் தலைமை டாக்டர் மூன்றையும் உரக்கப் படித்தார். 'குட்டான்' என்றதும் எதிரே இருந்த மகன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐம்பது வயது மனிதர். "அப்பா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். வலியில துடிச்சார், பார்க்க முடியல... நான்தான் இன்னொரு வேளை கொடுத்தேன். பயத்துல பொய் சொல்லிட்டேன்." என் மனைவி மேல் இருந்த பழி அங்கேயே நீங்கியது.

வெளியே வரும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

"மன்னிச்சிடும்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதை எழுதினது யாரு?"

அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "உங்க அப்பா... நான் கவனிக்காதப்ப என் போனை எடுத்து எழுதியிருப்பாரோ?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கப்பா கைநாட்டும்மா. அவர் பேரைக்கூட எழுதத் தெரியாது."