கதவுகளை மூடுகிறவனுக்கு ஒரு கூடாரத் தளம்

1. அப்பா ஹீத்ரோ விமான நிலையத்தில் பார்த்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இத்தனை வருடமும் ஊராரின் பெட்டிகளை ஏற்றியாயிற்று, இனி என் பெட்டியை யாராவது ஏற்றட்டும் என்றார்.
2. எங்கே போக விருப்பம் என்று கேட்டேன். அவுஸ்திரேலியாவின் உட்பகுதி, சிவப்பு மண், ஆளில்லாத நீண்ட ரோட்டு என்றார்.
3. அடிலெய்டில் இருக்கும் சித்திக்கு அம்மா செய்தி சொன்னார். சித்தி துள்ளிக் குதித்தார். தன் வீட்டில்தான் எல்லோரும் தங்க வேண்டும் என்றார்.
4. அடுத்த நாள் சித்தி மறுபடி தொலைபேசி எடுத்து, தம்பியை லண்டனில் விட்டுவிட்டு வரச் சொன்னார்.
5. அம்மா “பாப்பம்” என்றார்.
6. அன்று மாலையே நான் நான்கு பேருக்கும் விமானச் சீட்டு எடுத்தேன்.

நான்காவது எனக்கு அதிர்ச்சியாக இருக்கவில்லை. ஐந்தாவதுதான் சுட்டது. எங்கள் வீட்டில் “பாப்பம்” என்றால் கேட்டவர்கள் சொன்னபடியே நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

தம்பிக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவன். சில சொற்கள்தான் பேசுவான். திறந்து கிடக்கும் எதையும் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அலுமாரி, போத்தல், பக்கத்து வீட்டுக் கேற், கடையில் ஆட்கள் உள்ளே கைவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் குளிர்பெட்டி, எல்லாவற்றையும் மூடுவான். மூடிவிட்டு, ஒரு பெரிய வேலை முடிந்ததுபோல் மூச்சு விடுவான்.

சித்தி சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அம்மா மா குழைத்துக்கொண்டிருந்ததால் கைத்தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. என்ர மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வாறதும் போறதுமா இருக்கினம். இந்த நேரத்தில அவனைக் கண்டால் என்னென்ன கேப்பினமோ! அங்க அவன் மாதிரிப் பிள்ளையளைப் பாக்கிற இடங்கள் இருக்குத்தானே, ரெண்டு மூண்டு கிழமை விட்டிட்டு வாங்கோவன். உங்களுக்கும் ஓய்வுதானே?”

இதில் புதிதாக ஒன்றுமில்லை. என்னைப் பெண் பார்க்க ஆட்கள் வந்த நாட்களிலும் அப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் சுற்றப் போய்விடுவார். அவர்கள் தேநீர் குடித்து எழும்பிப் போனதும் அம்மா செய்தி அனுப்புவார், இருவரும் திரும்பி வருவார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு, தம்பி வீட்டில் இல்லாத நாளில் யாரும் என்னைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எனக்கு அதில் குறையுமில்லை.

சித்தி வீடு இல்லையென்றால் எங்கே தங்குவது? கூடாரத் தளங்கள்தான். தேடத் தொடங்கினேன். “குடும்பங்களுக்கு ஏற்றது” என்று போட்டிருந்த எல்லா இடங்களிலும் படங்கள் ஒரே மாதிரி இருந்தன: நீச்சல் குளம், காற்றடைத்த பெரிய மெத்தையில் குதிக்கும் சின்னப் பிள்ளைகள், சிரிக்கும் தாய் தகப்பன். தாடி வைத்த பிள்ளையோடு ஒரு குடும்பத்தையும் காணவில்லை.

தம்பிக்குக் கூடாரம் சரிவராது என்று அப்பா சொன்னதால், முதலில் லண்டனுக்குப் பக்கத்தில் கென்ட்டில் ஒரு வயல்வெளித் தளத்தில் ஒத்திகை பார்த்தோம். தம்பி எங்கள் எல்லோரையும்விட நன்றாக நித்திரை கொண்டான். விடிந்ததும் எழும்பி, சுற்றியிருந்த கூடாரங்களில் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த வாசல் சிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினான். நான் ஓடிப் போவதற்குள் நாலைந்து குடும்பங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. ஒரு சிறுமி உள்ளிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு மனிதர் காற்சட்டையோடு வெளியே வந்து கத்தினார்.

“பாத்தியே? இதுக்குத்தான் சொன்னனான்” என்று அப்பா கூடாரத்தின் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அம்மா டூட்டிங் கடையில் வாங்கி வந்த மீன் ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடாரம் கூடாரமாக மன்னிப்புக் கேட்கப் போனார்.

“அம்மா, வாங்கோ இங்கால. சிப்பைத் திறக்க அவைக்கு ஏலும்தானே?”

“சும்மா இரு. அந்தாளின்ர முகத்தைப் பார்.”

“அந்தாளின்ர முகம் முந்தியே அப்பிடித்தான் இருந்தது.”

அப்பா திறந்து வைத்த காரின் பின்கதவைத் தம்பி மூடினான். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னது இதுதான்: “அங்க ஆஸ்பத்திரியும் இல்லை, ஆக்களும் இல்லை. யோசிச்சுச் செய் பிள்ளை.”

“ஆக்கள் இல்லாதது நல்லதுதானே அப்பா.”

யோசித்துத்தான் செய்தேன். ரயில் சிக்னல்களைச் சோதிப்பது என் தொழில். ஒரு கருவி பழுதாகுமா என்று அங்கே நாங்கள் கேட்பதில்லை. எல்லாம் ஒருநாள் பழுதாகும். பழுதாகும்போது விளக்கு சிவப்பில் நிற்குமா பச்சையில் நிற்குமா என்பதுதான் கேள்வி. அதையே கூடாரத் தளங்களிடமும் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல். என் தம்பி வளர்ந்தவன், கொஞ்சம்தான் பேசுவான், திறந்திருப்பதையெல்லாம் மூடுவான், அதிகாலையில் நடப்பான். அவனை உங்களிடம் கூட்டி வந்தால் என்ன பிழை நடக்கலாம், நடந்தால் என்ன செய்வீர்கள்? மன்னிப்பு, கெஞ்சல், நன்றி எதுவும் எழுதவில்லை.

ஒரு தளம் மற்ற விருந்தினர்களின் வசதியையும் பார்க்க வேண்டும் என்று எழுதியது. பட்டியலிலிருந்து வெட்டினேன். இன்னொன்று எல்லோரையும் அன்போடு வரவேற்கிறோம் என்று எழுதி, பூவும் இதயமும் போட்டு அனுப்பியது. நான் கேட்ட ஒன்றுக்கும் பதில் இல்லை. அதையும் வெட்டினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “அன்பா எழுதியிருக்கினம், அதுக்கும் குறை சொல்லுறாய்.”

கூடாரம் போட இடம் விடும் ஒரு ஆட்டுப் பண்ணையிலிருந்து வந்த பதிலில் வரவேற்பே இல்லை, கேள்விகள் இருந்தன. நாய்க்குப் பயமா? இருட்டில் தனியே போவானா? தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் கேற் எப்போதும் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடுகள் தாகத்தில் செத்துவிடும். அதைச் சங்கிலி போட்டுத் திறந்தபடி பூட்டி வைக்கிறோம். மற்றக் கேற்றுகளை அவன் மூடலாம், கூட ஒருவர் நடக்க வேண்டும். மூடிய கேற்றைத் திறந்து விட்டுப் போகிற ஆட்களோடுதான் எங்களுக்குச் சண்டை. இவ்வளவுதான் கடிதம். இரண்டு முறை படித்துவிட்டு அந்த இடத்தைப் பதிவு செய்தேன். அதே மாதிரிக் கேள்வி கேட்ட இன்னும் இரண்டு இடங்களையும் பதிவு செய்தேன்.

பிறகு சித்தி எடுத்தார். அம்மா ஸ்பீக்கரைப் போட்டார்.

“அப்ப அடிலெய்டுக்கு வந்து எங்கட வீட்டு வாசல் மிதியாமல் போகப் போறியளோ? சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?”

“இல்லையடி, இவள் கேம்ப்சைட்டுக்குக் காசு கட்டிப்போட்டாள். திருப்பித் தரமாட்டினமாம்” என்றார் அம்மா.

அது பொய். முழுப் பணமும் திருப்பித் தருவார்கள். நான் தொலைபேசிக்குக் கிட்டப் போனேன்.

“சித்தி, காசுக்காக இல்லை. தம்பி வரக்கூடாது எண்டு சொன்னியள். அதாலதான் வரேல்லை.”

“பெரிய மனுசி ஆகிட்டாய் என்ன?” என்று கேட்டு சித்தி வைத்துவிட்டார்.

“ஏன்டி முகத்தில அடிச்ச மாதிரிச் சொன்னனீ?” அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

“வேற எங்க அடிக்கிறது அம்மா?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பண்ணையில் அடுப்பு இருக்கிறதா, புட்டு அவிக்க ஏலுமா என்று கேட்டார். தம்பிக்குக் காலையில் புட்டு வேண்டும்.

இப்போது நிலைமை இது. நாங்கள் நான்கு பேர் போகிறோம். மூன்று இடங்கள் உறுதியாகிவிட்டன. அடிலெய்டில் முதல் இரவுக்கு விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு மோட்டல். அப்பா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், ஆனால் அகன்ற தொப்பி ஒன்று வாங்கிவிட்டார். சித்தி அம்மாவோடு பேசுவதில்லை. அது அம்மாவுக்கு வலிக்கிறது, எனக்கும் தெரியும். நான் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.