கிழக்கே சுவர்தான்

மாயக்காள் இங்கிலீஷ் டைப்பில் நிமிசத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பாள். விரலைப் பார்க்க மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே நாகமலையைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள், தப்பு வராது. நாகமலை புதுக்கோட்டையில் அவள் வயசுப் பெண்கள் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தபோது, இவள் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, பல்கலைக்கழக ஆபீசில் தினக்கூலி டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். எண்பத்தைந்தில் அவளுக்கு இருபத்து நாலு வயசு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தார்கள்.

ஆனியில் அண்ணன் சுருளி வந்து சேர்ந்தான். மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்தவன், மூணாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு போய்விட்டது. வேனிலிருந்து பலகையோடு இறக்கினார்கள். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கை தூக்கலாம், ஆனால் விரல்கள் மடங்கினது மடங்கினபடிதான். பேச்சு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா செத்துப் பத்து வருசம். ஆத்தா அழகம்மாளுக்கு இரண்டு எருமையும் ஒரு குறுக்கம் கிணற்றுப் பாசன நிலமும் இருந்தன. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். சுருளி விடவில்லை.

"அவ போயிட்டா என்னைப் பொரட்டுறது யாரு? நீ மாட்டப் பாப்பியா, என்னைப் பாப்பியா?" என்றான்.

அழகம்மாள் வாத்தியார் வீட்டில் ஒரு வருசம் தவணை கேட்டாள். அவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, அதே ஆவணியில், அதே முகூர்த்தத்தில் வேறு ஊரில் பெண் எடுத்துக்கொண்டார்கள். ஆபீசுக்கும் மாயக்காள் வரமாட்டாள் என்று சொல்லி அனுப்பியாயிற்று. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுருளியோடு வந்த அட்டைப்பெட்டிகளில் ஒரு பதினாலு இஞ்சு டிவியும், ஒரு டேப்ரெக்கார்டரும், பள்ளிக்கூடச் சிலேட்டு அகலத்தில் கறுப்பாக ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. அதன் எழுத்துக் கட்டைகள் அழிரப்பர் மாதிரி மெத்மெத்தென்று இருக்கும். மஸ்கட்டில் கூடத் தங்கியிருந்த மலையாளத்துக்காரர் ஒருத்தர் வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை லீவில் அவரும் சுருளியும் அதில் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அவர் இங்கிலீஷைப் படித்துச் சொல்லுவார், இவன் என்ன செய்யலாம் என்று சொல்லுவான். சுருளி நாலாம் கிளாசோடு நின்றவன். அடிபட்டு ஊருக்குக் கிளம்பியபோது அவர் அதைக் கேசட்டோடு அவனுக்கே கொடுத்துவிட்டார்.

அந்த டப்பாவை வைத்துக்கொண்டு படுகிற பாடு பெரும் பாடு. டேப்ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் பன்றி கத்துகிற மாதிரி ஆறு நிமிசம் கத்தும். டிவியின் ஓரமெல்லாம் மஞ்சளும் நீலமுமாகக் கோடு ஓடும். சத்தம் ஒரு நூல் கூடினாலோ குறைந்தாலோ திரும்ப முதலிலிருந்து ஓடவிட வேண்டும். கரண்ட் இழுத்தால் போச்சு. மேஜையில் முழங்கை பட்டால் போச்சு. முக்கால் மணி நேரம் ஓடினால் சூடேறி அப்படியே நின்றுவிடும், அதனால் அடியில் ஈரத்துணி மடித்து வைக்க வேண்டும். அதில் படம் வராது. படம் வைக்கிற அளவுக்கு அதன் வயிற்றில் இடமில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துத்தான். கம்ப்யூட்டர் வந்திருக்கிறதென்று பார்க்க வந்த தெருச் சனமெல்லாம், என்னமோ பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

விளையாட்டு இதுதான். பூமிக்கு அடியில் ஒரு கோட்டை. அதற்குள் ஒரு வீரன் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு அறையிலும் என்ன இருக்கிறது என்று எழுத்தில் வரும். வாளை எடு, வடக்கே போ, பூதத்தை வெட்டு என்று இரண்டிரண்டு வார்த்தையாக அடிக்க வேண்டும். மூணு சாவி சேர்த்துக் கிழக்குக் கோட்டை வாசலைத் திறந்து வெளியே வந்தால் ஜெயித்தது. வீரனுக்குப் பலம் இம்புட்டு, உயிர் இம்புட்டு என்று மேலே எண் நிற்கும். அந்த எண்ணைத் தொடக்கத்தில் மெஷினே சீட்டுக் குலுக்குகிற மாதிரி குலுக்கிக் கொடுக்கும். பதினெட்டுக்கு மேல் பலம் கிடையாது. முதல் நாள் சுருளி, பதினெட்டு வருகிற வரைக்கும் அழித்து அழித்து அவளைக் குலுக்க வைத்தான். நாற்பது தடவை இருக்கும். வந்ததும், வீரனுக்குத் தன் பேரையே போடச் சொன்னான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அழகம்மாள் எருமையை ஓட்டிக்கொண்டு போவாள், இவர்கள் மெஷினைப் போடுவார்கள். அவன் சொல்ல மாயக்காள் அடித்து, வருகிறதைத் தமிழில் சொல்லுவாள். ஆரம்பத்தில் அவளுக்கே அது பிடித்திருந்தது. விரலுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்றிருந்தது.

ஒரு நாள் காலையில் கஞ்சி சூடாக இருக்கிறதென்று சுருளி வாயில் இருந்ததை அவள் மூஞ்சியில் துப்பினான். பால் வாங்க வந்திருந்த இரண்டு பொம்பளைகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் காலு போச்சு, இவளுக்கு வேலை கெடச்சிருச்சு" என்று அவர்களைப் பார்த்து அவன் சொல்ல, அவர்களும் சிரித்துவிட்டார்கள். மாயக்காள் முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த வாய் ஊட்டினாள்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பூதம் வழிமறித்தது. வாளால் வெட்டு என்றான். அவள், வாளைக் கீழே போடு என்று அடித்தாள். அடித்த பிறகுதான், தான் அடித்தது அவளுக்கே தெரிந்தது. வாள் கை நழுவி விழுந்துவிட்டது என்று சொன்னாள். மேலே உயிரின் எண் இருபதிலிருந்து பதினொன்றானது, பதினொன்று நாலானது. எண் அவனுக்குப் படிக்கத் தெரியும். தலையணையில் தலையை இப்படியும் அப்படியும் புரட்டி, எடு, அதை எடு என்று பதறினான். அவள் எடுக்கவில்லை.

"சுருளி செத்துட்டான்" என்று திரையைப் படித்துச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவன் வாய் திறக்கவில்லை. வசவு இல்லை, துப்பல் இல்லை. வீடு அப்படி அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. இதற்கு இம்புட்டுத்தான் செலவா என்று அவளுக்குத் தோன்றியது.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. அவன் தூங்குகிற நேரத்தில், சத்தம் கேட்காமல் இருக்க டேப்ரெக்கார்டர் மேல் துண்டைப் போட்டு மூடி, தனியாக விளையாடிப் பார்த்தாள். அறை அறையாக நோட்டில் படம் போட்டாள். இரண்டே மாசத்தில் மூணு சாவியும் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து, கிழக்கு வாசலையும் திறந்து, முடித்தே விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானமானால் அண்ணனின் வீரனை அதே அஞ்சு அறைக்குள் சுற்றவிட்டாள். அஞ்சாவது அறையின் கடைசி வரியில் கிழக்கே எக்ஸிட், அதாவது வழி, இருக்கிறதென்று திரையில் தெளிவாக வரும். அவன் ஒவ்வொரு தடவையும் கிழக்கே என்ன இருக்கு என்று கேட்பான்.

"கிழக்க சுவர்தான்" என்பாள்.

"நல்லாப் பாத்தியா?"

"சுவர்தான்ணே."

நாலு மணி எருமை திரும்புகிற நேரம். அதற்குள் வீரனைச் சாகடித்துவிடுவாள். விசம் குடிக்க வைப்பாள், குழியில் இறக்குவாள், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நிற்க வைப்பாள். செத்துட்டான் என்று சொல்லும்போது அவசரப்பட மாட்டாள், அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லுவாள். ஒரு தடவை சீக்கிரம் வந்துவிட்ட அழகம்மாளுக்கு அது காதில் விழுந்து, தவிட்டுக் கூடையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். விளையாட்டென்று தெரிந்ததும், என்ன எழவு விளையாட்டு என்று திட்டிவிட்டுப் போனாள்.

இப்படி இரண்டு வருசத்துக்கு மேல் போயிற்று. அவனைப் புரட்டிப் போடுவதிலோ கழுவித் துடைப்பதிலோ அவள் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. முதுகில் புண் வந்தது அவள் டைபாய்டில் படுத்த பத்து நாளில்தான். அதற்கும் தினம் மருந்து கட்டினாள்.

எண்பத்தெட்டு தையில் செக்கானூரணியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை தவசி, பஸ் கண்டக்டர். சம்சாரம் பிரசவத்தில் தவறிப்போய், மூணு வயசில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டாம் தாரம்தான். ஆனால் மாயக்காளுக்கும் இருபத்தேழு ஆகிவிட்டது. அவள் உடனே சரி என்றாள். அழகம்மாள் தன் அண்ணன் மகன் சோலையை வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி, சுருளியைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும் பண்ணிவிட்டாள். சுருளி ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. நல்ல எடந்தான் என்று கூடச் சொன்னான்.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா ரெங்கம்மாள் வந்தாள், பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு. பெண்ணைப் பிடித்துவிட்டது. குழந்தையும் மாயக்காளிடம் தாவி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. காப்பி குடித்துவிட்டு, படுத்த படுக்கையாக இருக்கிற மகனை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரெங்கம்மாள் உள்ளே போனாள். மாயக்காள் குழந்தையோடு நிலைப்படியில் நின்றாள்.

சுருளி மரியாதையாகக் கும்பிட்டான். மழை, வெள்ளாமை என்று கொஞ்ச நேரம் பேசினான். பிறகு அதே குரலில் சொன்னான்:

"அத்தே, ஒங்கள ஏமாத்தக் கூடாது. என் தங்கச்சி ரெண்டு வருசமா என்னைத் தெனம் கொல்றா. வாசல் இருக்கிற எடத்துல சுவர்னு சொல்லுவா. நான் பதறுறதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பா. நானாவது பெரியவன். அந்தப் பச்சப்புள்ளய யாரும் பாக்காத நேரத்துல என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது."

ரெங்கம்மாளுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் தலையை அசைத்துக் காட்டவும், சட்டையை விலக்கி முதுகுப் புண்ணைப் பார்த்தாள். திரும்பி மாயக்காள் மூஞ்சியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் மாயக்காள் ஏதாவது சொல்லியிருந்தால், அழுதிருந்தால், பொய் என்று கத்தியிருந்தால் ஒருவேளை காரியம் கெட்டிருக்காது. ரெங்கம்மாள் வந்து அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். குழந்தை வரமாட்டேன் என்று அழுதது. செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்கள்தான், தகவல்கூட வரவில்லை.

அழகம்மாள் சுருளியின் கட்டிலுக்கு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, மாட்டுக் கொட்டத்துக்குப் போய்விட்டாள். மாயக்காள் அவனைப் புரட்டிப் போடுகிற நேரம் வந்ததும் உள்ளே போனாள். புரட்டிப் போட்டு, தலையணையைச் சரிபண்ணிவிட்டுத்தான் கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"மொத மாசமே."

"ஒனக்குத்தான் இங்கிலீசு படிக்கத் தெரியாதே."

"எக்ஸிட்டுன்னு எழுதத் தெரியாது. பாத்தாத் தெரியும். மஸ்கட்டுல வாசலுக்கு மேல அதான போட்டிருக்கும், அஞ்சு வருசம் அந்தப் பலகைக்குக் கீழதான ஒக்காந்து சோறு தின்னேன்."

"அப்ப ஏன்ணே சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவ. ஒனக்குன்னு ஒரு நாள் வரும், அன்னைக்கு என் கையிலயும் ஏதாவது வேணும்ல."

செத்துட்டான் செத்துட்டான் என்று தினம் அவள் சொன்னதையெல்லாம், தெரிந்தே பதறிக்கொண்டு கிடந்திருக்கிறான். எந்தப் பதற்றம் நிஜம், எது நடிப்பு என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு, போடு என்றான். அவள் ஈரத்துணி மடித்து வைத்துக் கேசட்டைப் போட்டாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நோட்டைப் பார்க்காமலேயே அறைக்கு அறை போய், மூணு சாவியையும் எடுத்து, அஞ்சாவது அறைக்கு வந்து, கிழக்கே போ என்று அடித்தாள். கோட்டை வாசல் திறந்தது. மெஷினில் இடமில்லாததால், முடிவுக்கென்று ஒரு பாட்டோ படமோ கிடையாது. நீ வெளியே வந்துவிட்டாய், திரும்ப விளையாட ஒரு கட்டையை அழுத்து என்று ஒரே வரிதான் வந்தது. அதை உள்ளது உள்ளபடி படித்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றான் சுருளி. முதலிலிருந்து போடச் சொன்னான்.

அதற்குப் பிறகு ஒரு வருசம் போல விளையாடினார்கள். அவன் சொன்னதை மட்டும் அடித்தாள், வந்ததை மட்டும் படித்தாள். கிழக்கே போ என்று அவனும் சொல்வதில்லை. அவனாகவே தப்பு வழி சொல்லி, அவனாகவே செத்தான். குழி இருக்கிற பக்கம் போகச் சொல்லும்போது அவளுக்குத் தெரியும். தடுக்க மாட்டாள். சில நாள் ஒரே மத்தியானத்தில் மூணு தடவை செத்தான். வசவும் துப்பலும் பழையபடி வந்துவிட்டன, அவளும் துடைத்துக்கொண்டாள்.

எண்பத்தொன்பது பங்குனியில் புண் உள்ளே இறங்கிக் காய்ச்சல் கண்டது. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தான். ஏழாவது நாள் விடிகாலையில் உயிர் போயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது தெருப் பொம்பளைகள் ஒப்பாரி வைத்தார்கள். மாயக்காள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு அம்புட்டுச் செஞ்சவ, நெஞ்சு அடைச்சுப் போயிருச்சு, அழுகை வரல என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அழகம்மாள் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். செக்கானூரணிக்காரிகிட்ட அன்னைக்கு அவன் சொன்னது என்ன என்று, ஒரு வருசமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். மாயக்காள் வாள் விழுந்த நாளிலிருந்து கடைசி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்ப அவன் சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான் ஆத்தா."

மறுநாளிலிருந்து அழகம்மாள் தனக்குத் தனியாக உலை வைத்துக்கொண்டாள்.